கார்க்கில் படிந்த கை

காபியை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். பயப்பட வேண்டாம், இது குடிப்பதற்காகப் போட்டது. சாயத்துக்கான காபி அதோ அந்தக் கறுப்புப் பானையில் இருக்கிறது. மூன்று நாள் கொதித்து வற்றியது. இரண்டையும் மாற்றிக் குடித்தவர்கள் உண்டு. ஒன்றும் ஆகவில்லை. ஒருவர் இரண்டாவது கோப்பைகூடக் கேட்டார்.

அந்தப் பிளாஸ்டிக் பையை மேசையின் இந்தப் பக்கம் வைத்துவிடுங்கள். அங்கே பசை சிந்தியிருக்கும், ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பது எந்தத் தூண்டில் கழி என்று எனக்குத் தெரியும். இறந்துபோன குன்வோரின் உள்ளங்கையில் பழுப்பாக ஒரு கறை இருந்ததாம், அது என்னவென்று கேட்கத்தான் நீங்கள் ட்ரொண்ட்ஹெய்மிலிருந்து இவ்வளவு தூரம் பனியில் வண்டி ஓட்டி வந்திருக்கிறீர்கள். ரத்தமோ விஷமோ என்று உங்கள் போலீஸ் நிலையத்தில் யோசித்திருப்பீர்கள். இரண்டும் இல்லை. காபிக் கசாயம், வால்நட் தோல், கொஞ்சம் தார் சோப்பு. அதன்மேல் நான் போட்ட பூச்சு. அந்தப் பூச்சு எப்படிக் கழன்றது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. மூன்று தடவை போட்டிருந்தேன். முப்பத்தெட்டு வருஷத்தில் என் சாயம் யார் கையிலும் ஒட்டியதாகப் புகார் வந்ததில்லை. இந்த விஷயம் முழுவதிலும் எனக்கு வெட்கமாக இருப்பது அது ஒன்றுதான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஆஸ்லக். தூண்டில் கழி செய்கிறேன். மூங்கிலைப் பிளந்து, ஆறு பட்டையாகச் சீவி, ஒட்டிக் கழியாக்குவது ஒரு வேலை. அதை இந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் செய்கிறார்கள், என்னைவிட நன்றாகவே செய்கிறார்கள். என்னிடம் எல்லோரும் வருவது பிடிக்காக. பாட்டில் அடைக்கிற அதே கார்க்தான். வட்ட வட்டமாக வெட்டியதை அடுக்கி ஒட்டி, லேத்தில் கடைந்து, ஓட்டைகளைக் கார்க் தூளும் பசையும் குழைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினால் பிடி தயார். அப்போது அது வேகாத ரொட்டி போல வெளுப்பாக இருக்கும்.

கோடையில் சால்மன் பிடிக்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு அந்த வெளுப்பு பிடிக்காது. தாத்தா வைத்திருந்தது மாதிரி தெரிய வேண்டும், ஆனால் இன்று காலை வாங்கியது மாதிரி இருக்கவும் வேண்டும். அவர்களுக்குச் சாயம் ஏற்றி, பூச்சு போட்டுக் கொடுப்பேன். எங்கள் ஊர்க்காரர்கள் சாயமும் கேட்க மாட்டார்கள், பூச்சும் கேட்க மாட்டார்கள். வெறும் கார்க்காகவே வாங்கிப்போவார்கள். பிடிக்கப் பிடிக்க வியர்வை, மீன் வழுவழுப்பு, புகையிலை எல்லாம் அதில் ஏறும். பத்து வருஷம் ஆனால் கட்டைவிரல் பதிகிற இடத்தில் ஒரு பள்ளம் விழும், நான்கு விரலுக்கும் கறுப்பாகத் தடம் தெரியும். இதை நாங்கள் ‘கை’ என்போம். இந்தக் கழியில் இன்னாருடைய கை இருக்கிறது என்று சொல்வோம். ஒரு கை போல இன்னொரு கை இருக்காது. கழியை யாரும் யாருக்கும் இரவல் தர மாட்டார்கள். இங்குள்ள ஆண்களிடம் அவர்கள் மனைவியின் சமையலைக் கிண்டல் செய்யலாம், சிரிப்பார்கள். கழியின் பிடியில் கை வைத்துப் பாருங்கள், தெரியும்.

ஆள் இறந்துவிட்டால் கழி வாசல் நடையில், கோட்டு மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் தொங்கும். மனைவி வெளியே போகும்போது ஒருமுறை பிடித்துவிட்டுப் போவார். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எல்லோரும் செய்கிறார்கள்.

குன்வோரின் கணவர் எர்லிங் மரலாரி ஓட்டியவர். ஆறு வருஷத்துக்கு முன் ஏப்ரலில் இறந்தார். அந்த நவம்பரில் குன்வோர் கழியை எடுத்துக்கொண்டு வந்தார். மூங்கிலில் வார்னிஷ் வெடித்திருந்தது. அதை மட்டும் சரிசெய்யச் சொன்னார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, “கைய மட்டும் தொட்டுடாத, ஆஸ்லக்” என்றார். சரி என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கழி உள்ளே வந்தாலும் முதலில் பிடியை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைப்பேன். வெளியூர்க்காரர்களின் கழிகள் வெயில் களிம்பும் சாசேஜ் கொழுப்புமாக வரும், துடைக்காமல் தொட முடியாது. அன்று ரேடியோவில் மீனவர்களுக்கான வானிலை ஓடிக்கொண்டிருந்தது. காது அங்கே இருந்தது, கை இங்கே துடைத்துக்கொண்டிருந்தது. நாலைந்து இழுப்பு இருக்கும். குனிந்து பார்த்தபோது எர்லிங்கில் பாதி துணியில் இருந்தார்.

குன்வோர் வீடு இங்கிருந்து பதினோரு நிமிஷ நடை. போய்ச் சொல்லியிருக்கலாம். நான் உட்கார்ந்து யோசித்தேன். அந்த அம்மாள் கணவரை ஏப்ரலில் ஒருமுறை இழந்திருக்கிறார். நவம்பரில் இன்னொருமுறை இழக்க வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. உங்களுக்கும் பட்டிருக்காது.

நிறம் திட்டுத்திட்டாகப் போயிருந்தது. சமன் செய்ய, பழைய கறுப்பெல்லாம் போகும் வரை உப்புத்தாள் போட்டேன். அதில் பள்ளமும் போய்விட்டது. பிறகு சாயம் கலந்தேன். நிறம் வருவது எளிது. பள்ளம் அப்படி இல்லை. அதைச் செதுக்கினால் செதுக்கியது போலவே தெரியும். ஒரு கை அதைப் பிடித்து, தூண்டிலை வீசுவது போல வீசி வீசித்தான் கொண்டுவர முடியும். எர்லிங் உறைந்த மண்ணுக்குக் கீழே இருந்தார். என்னிடம் இருந்தது என் கை. பிடியை வெந்நீரில் நனைத்து, நைசான உப்புத்தாளை உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு, இந்தப் பட்டறையில் அந்த ஜன்னலைப் பார்த்தபடி மூன்று நாள் வீசினேன். எர்லிங் கட்டைவிரலை மேலே வைத்துப் பிடிப்பவர். நான் சுட்டுவிரலை மேலே நீட்டிப் பிடிப்பவன். அவர் மாதிரி பிடிக்க முயன்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கை தன் வழக்கத்துக்குத் திரும்பிவிடும். கடைசியில் என் வழக்கப்படியே விட்டுவிட்டேன். கூட வாழ்கிறவர்களின் கையை யார் அவ்வளவு உற்றுப் பார்க்கிறார்கள்? உங்கள் வீட்டுக்காரர் கையைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுங்கள் பார்ப்போம். சரி, வேண்டாம். வேலை நேரம்.

பூச்சு போடாமல் கொடுத்திருக்க முடியாது. முதல் தடவை பிடித்ததுமே சாயம் குன்வோர் உள்ளங்கையில் இறங்கியிருக்கும். அதனால் மெல்லிசாக மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுப்புச் சாம்பலும் கம்பளித் துணியும் கொண்டு தேய்த்தேன், பளபளப்பு போகும் வரை. வெறும் கார்க் இல்லையென்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். அதுதான் என் திறமை. பூச்சு போட்ட கார்க்கில் இன்னொரு விஷயமும் உண்டு. வெறும் கார்க்காக இருந்திருந்தால் குன்வோர் தினமும் பிடிக்கப் பிடிக்க, கொஞ்ச காலத்தில் அவருடைய கையே அதில் ஏறியிருக்கும். பூச்சு அதை விடாது. உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும், வெளியே இருப்பது வெளியே. இதைத் திட்டமிட்டு நான் செய்யவில்லை. பிறகுதான் தோன்றியது. தோன்றியபோது பிடித்திருந்தது.

குன்வோர் வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு வந்தார். கழியைக் கையில் கொடுத்தேன். பிடித்தார். இந்த மேசையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். குன்வோர் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார்:

“உசிரோட இருந்தப்ப இவன் கை எப்பப் பாரு சில்லுனு இருக்கும். படுக்கையில தொட்டா தூக்கிவாரிப் போடும். இப்பப் பாரு, எவ்வளவு இதமா இருக்கு. செத்ததுக்கு அப்புறமா திருந்தியிருக்கான் மனுஷன்.”

என்னை யாரும் இதற்கு முன் இதமான கை என்று சொன்னதில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதை எழுத வேண்டாம். எப்படியும் கேட்பீர்கள் என்பதால் சொன்னேன்.

தினமும் எட்டு மணிக்குக் கால் மணி முன்னால், கோழிக்குத் தீனி போடப் போகும்போது, கழியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் பேசுவதாகக் கடையில் அவரே சொல்லியிருக்கிறார். வெளியே எத்தனை டிகிரி, யார் வீட்டில் மாடு கன்று போட்டது, இப்படி. நான் காலைக் காபியை எட்டு மணிக்குக் கால் மணி முன்னால் என்று மாற்றிக்கொண்டேன். அந்த நேரத்தில் குடித்தால் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

முதலாவது ஒரு தவறு. அப்படியே எழுதுங்கள். இரண்டாவதை உங்கள் இஷ்டப்படி எழுதிக்கொள்ளலாம்.

இரண்டு வருஷம் கழித்து ஹால்வர் இறந்தார். குன்வோரின் பக்கத்து வீட்டு பெர்கித்தின் கணவர். கடலில் எண்ணெய் மேடையில் வேலை, இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. பெர்கித் கொண்டுவந்த கழியில் நுனி வளையம் ஒன்று உடைந்திருந்தது. அரை மணி நேர வேலை. பிடியில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. ஹால்வருடைய கை நல்ல கை. அகலமான பள்ளம், ஓரமெல்லாம் பழைய சேணம் போலக் கறுத்து மின்னியது. தொழில் தெரிந்தவனுக்கு அதைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றத் தோன்றும். நான் ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தேன். அன்று ரேடியோ ஓடவில்லை.

இந்த முறை மூன்று நாள் ஆகவில்லை. ஒன்றரை நாள்தான். கை பழகியிருந்தது.

பெர்கித் குன்வோர் மாதிரி சட்டென்று நம்புகிறவர் இல்லை. பிடித்துப் பார்த்துவிட்டு, “என்னமோ மாறின மாதிரி இருக்கே” என்றார். குளிரில் கார்க் சுருங்கும், வீட்டுச் சூட்டில் சரியாகிவிடும், ஒரு வாரம் பிடித்துப் பாருங்கள் என்றேன். ஒரு வாரம் கழித்துக் கடையில் பார்த்தபோது, “சரியாப் போச்சு. அவனேதான்” என்றார்.

பிறகு இன்னும் இரண்டு வீடு. பெயர்கள் வேண்டுமென்றால் கடைசியில் தருகிறேன். மொத்தம் நான்கு. இந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நான்கு வீட்டுப் புகைபோக்கியும் தெரியும்.

உப்புத்தாள் போட்ட தூளை என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். கார்க் தூளை யாரும் எறிய மாட்டார்கள். பசையில் குழைத்துப் புதுப் பிடிகளின் ஓட்டைகளை அடைத்தேன். ஹால்வருக்கு வெளியூர் மீன்பிடிக்காரர்களைக் கண்டால் ஆகாது, பாதையில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். இப்போது அவரில் பாதி ஹாம்பர்க்கில் இருக்கிறது.

நீங்கள் சிரிக்காததும் சரிதான்.

ஆகஸ்ட் கடைசி நாளோடு மீன்பிடி காலம் முடியும். அன்று மதியம் ஊர்க்கூடத்தில் எல்லோரும் சாப்பிடுவோம். இறந்தவர்களின் கழிகளையும் வீட்டிலிருந்து கொண்டுவந்து சுவரோரமாகச் சாய்த்து வைப்பது வழக்கம். இந்த வருஷமும் குன்வோரும் பெர்கித்தும் எப்போதும் போல ஒரே மேசையில். நாற்பது வருஷப் பக்கத்து வீடு. ஒரே ஜோடி பூட்ஸ் என்று ஊரில் அவர்களைக் கேலி செய்வார்கள். இருவரும் தனியானபின் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்குள் சமையலறை ஜன்னல் திரையை மேலே ஏற்றிவிட வேண்டும். ஏறாத திரையைப் பார்த்தால் அடுத்தவர் உடனே போய்க் கதவைத் தட்ட வேண்டும். ஒருமுறை குன்வோர் நன்றாகத் தூங்கிவிட்டார். பெர்கித் கதவைத் தட்டவில்லை, ஜன்னலையே உடைத்துவிட்டார். அதற்கு ஒரு மாதம் சிரித்தோம்.

அன்று காபிக்காக மேசையை நகர்த்த வேண்டியிருந்தது. சுவரோரம் இருந்த கழிகளை அவரவர் கையில் எடுத்துக்கொண்டார்கள். அவசரத்தில் குன்வோர் எடுத்தது பெர்கித்தின் கழி. நான் எதிரே உட்கார்ந்து பாலாடைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். குன்வோரின் விரல்கள் பிடியைச் சுற்றி, தங்கள் இடங்களில் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

“ஏண்டி பெர்கித், உன்னத எடுக்காம எதுக்குடி நிக்கற?” என்றார் குன்வோர்.

“என்னதத்தான் நீ பிடிச்சிட்டு நிக்கறியே. பச்சை நூல் சுத்தியிருக்கு பாரு. உன்னது இந்தா, சிவப்பு.”

குன்வோர் குனிந்து நூலைப் பார்த்தார். பச்சை. கையை எடுத்து, மறுபடியும் வைத்துப் பார்த்தார். சிவப்பு நூல் கழியை நீட்டிக்கொண்டிருந்த பெர்கித்தும், நீட்டுவதை நிறுத்திவிட்டு, தன் விரல்களை மெதுவாக மூடினார்.

“எர்லிங் எப்படி உன் வீட்டுக் கழியில வந்தான்?” என்று குன்வோர் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

“இதுல இருக்கறது ஹால்வர். நீ முதல்ல அதுக்குப் பதில் சொல்லு.”

கார்க்கில் ஒரு கை ஒரு மாலையில் ஏறாது. பத்து வருஷம் வேண்டும். இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். இருவரும் மனதுக்குள் அந்தப் பத்து வருஷத்தைக் கணக்குப் போட்டார்கள். ஹால்வர் கடலில் இருந்த வாரங்கள், எர்லிங் லாரியில் போன நாட்கள், பக்கத்து வீடு, நடையில் தொங்கும் கழி. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அடுத்த மேசையிலிருந்த தபால்காரர், “நாப்பது வருஷமா வேலிகூட இல்லாத வீடு. கழியாவது மாறாம இருக்குமா?” என்றார். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் அந்தச் சந்தேகம் உறுதியானது. இரண்டு பெண்கள் ஒரே கையைப் பிடித்துக்கொண்டு அது யார் புருஷன் கை என்று சண்டை போட்டார்கள். மூன்றாவது ஒரு ஆள் எதிரே கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறான் என்று யாருக்கும் தோன்றவில்லை. சொல்லப்போனால் என்னைப் பற்றி அப்படியெல்லாம் யாருக்கும் எப்போதும் தோன்றியதில்லை.

மறுநாள் பெர்கித், குன்வோர் வீட்டுப் பக்கத்து ஜன்னலில் ஒரு போர்வையை ஆணியடித்து மாட்டினார்.

அடுத்த வாரம் என்னிடம் வந்தார். கோட்டுகூடக் கழற்றவில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே முக்காலியில் உட்கார்ந்தார்.

“ரெண்டு கழியும் உன் மேசைக்கு வந்திருக்கு. ஊர்ல கை பாக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். நான் கேக்கறதுக்கு நேராப் பதில் சொல்லு. குன்வோர் கழியில இருக்கறது யாரு கை?”

இந்த இடத்தை நிதானமாக எழுதுங்கள். இங்கேதான் நீங்கள் என்னைக் கெட்டவன் என்று நினைக்கப்போகிறீர்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் எழுந்து போய் அந்தப் போர்வையைக் கிழித்திருப்பார். அது எனக்குத் தெரியும். அதோடு இன்னொன்றும் தெரியும். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவர் வீட்டு நடையில் தொங்குவது வெறும் மூங்கில். நான்கு வீட்டிலும் அப்படித்தான். ஒரு பக்கம் இரண்டு பேருடைய சிநேகம். இன்னொரு பக்கம் நான்கு பேருடைய ஆறுதல். நான் தராசில் வைத்துப் பார்த்தேன். என் பங்கை அதில் வைக்கவே இல்லை.

“ரெண்டு கழியிலயும் ஒரே கைதான் இருக்கு, பெர்கித்” என்றேன்.

பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அவர் கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவற்றை ஏப்ரனில் துடைத்துக்கொண்டேன். “சரி” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். காபி குடிக்கவில்லை.

சண்டைக்குப் பிறகு கழியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று பயந்தேன். நடந்தது வேறு. குன்வோர் கடையில் சொன்னார், இப்போதெல்லாம் காலையில் அரை மணி நேரம் நடையில் நின்று எர்லிங்கைத் திட்டுகிறாராம். பிடியை நெரித்துக்கொண்டு. முன்பு இரண்டு நிமிஷம்தான். செப்டம்பரும் அக்டோபரும் எனக்கு நல்ல மாதங்கள்.

நவம்பர் முதல் வாரம் உறைபனி விழுந்தது. மீதி உங்கள் தாளிலேயே இருக்கிறது. விறகுக் கொட்டகைக்குப் பின்னால் உள்ள பாதையில் குன்வோர் வழுக்கி விழுந்தார், இடுப்பு எலும்பு முறிந்தது. செவ்வாய்க்கிழமை காலை திரை ஏறவில்லை. புதனும் ஏறவில்லை. போர்வைக்கு இந்தப் பக்கம் பெர்கித் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை தபால்காரர்தான் பார்த்தார். கூடத்தில் எல்லோரையும் சிரிக்கவைத்த அதே ஆள். அவர் இப்போது யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை என்கிறார்கள்.

சரி, அந்தப் பையைக் கொடுங்கள். திறக்க மாட்டேன், வெளிச்சத்தில் பார்க்கிறேன்.

ஓ. கத்தித் தடம்.

நீங்கள் இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சமையலறை மேசையில் ஒரு சாஸர் நிறையக் கார்க் சீவல் இருந்ததா? அப்படியென்றால் அவரே சீவியிருக்கிறார். மேல் பூச்சு போனால் சாயம் பனி ஈரத்தில் இறங்கத்தான் செய்யும். என் பூச்சின் மேல் குற்றமில்லை. உங்களுக்கு நன்றி. மூன்று நாளாக அது என்னை உறுத்திக்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் வெட்கம் என்று சொன்னேனே, அதை அடித்துவிடுங்கள்.

நீங்கள் சொல்வது புரிகிறது. முப்பது வருஷம் பழகிய கை கார்க்கில் ஆழமாக இறங்கியிருக்கும், சீவச் சீவக் கறுப்பாகத்தான் வரும். இதில் தாள் கனத்துக்குக் கீழேயே வெள்ளை. குன்வோர் கோபத்தில் எர்லிங்கைச் சுரண்டி எடுக்கப்போனார், எர்லிங் அங்கே இல்லை என்று கண்டுகொண்டார். அப்படியானால் பெர்கித்தின் கழியிலும் இல்லை. அதைச் சொல்லத்தான் கோட்டுகூடப் போடாமல், கழியைத் தூக்கிக்கொண்டு, கொட்டகைக்குப் பின்னால் உள்ள குறுக்குப் பாதையில் பெர்கித் வீட்டைப் பார்த்து ஓடியிருக்கிறார். வாசலுக்குப் பதினைந்து தப்படி இருக்கும்போது விழுந்தார். இது உங்கள் கணக்கு. இருக்கலாம். ஆனால் அந்த வாசலுக்கு முன்னால் இடது பக்கம் திரும்பினால் என் பட்டறைக்கும் அதுதான் பாதை. அதையும் ஓரமாக எழுதி வையுங்கள்.

பெர்கித் உங்களிடம் ஒரே கேள்விதான் கேட்டாராமே. ‘குன்வோர் என் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தாளா, இல்லை விறகு எடுக்கப் போனாளா?’ என்று. போய்ச் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. இதையெல்லாம் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன். நான்தான் துடைத்தேன், நான்தான் வீசினேன், நான்தான் பூச்சு போட்டேன். கேட்டபோது வாயை மூடிக்கொண்டவனும் நான்தான். கீழே கையெழுத்துப் போடுகிறேன். சொல்வதற்கு முன் பெர்கித்திடம் ஒன்று மட்டும் கேளுங்கள். இன்று காலை வாக்குமூலம் கொடுக்க உங்கள் வண்டியில் ஏறுவதற்கு முன், நடையில் நின்று கழியைப் பிடித்தாரா இல்லையா என்று. பெர்கித் பொய் சொல்ல மாட்டார்.

பேனாவைக் கொடுங்கள். கையெழுத்துக்கு முன் ஒரே ஒரு திருத்தம்.

‘இறக்கும்போது தனியாக இருந்தார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. பையை நீங்களே பாருங்கள். ஒரு பக்கம் முழுக்கச் சீவியிருக்கிறார், என் சுட்டுவிரல் நீள்கிற இந்தப் பக்கத்தை விட்டுவைத்திருக்கிறார். நேரமில்லாமல் விட்டார் என்பீர்கள். சரி. ஆனால் அவர் விரல்களைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது என்று சொன்னது நீங்கள்தான். இரண்டு நாள், பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒன்பது டிகிரி. குன்வோர் தனியாக இல்லை. அவர் கையை நான் கடைசி வரை விடவே இல்லை.